மறைத்த வித்தையைக் கற்ற ஓவியர்
ராஜா ரவிவர்மாவின் வாழ்க்கை

மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு பகுதிகளின் தோட்ட லயங்களிலும், பாலக்காடு, சிற்றூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துத் தமிழர் வீடுகளிலும் கடைகளிலும் பல தலைமுறைகளாகச் சுவரில் தொங்கி வந்த படங்கள் சில உண்டு. தாமரை மேல் நிற்கும் லட்சுமி, வீணையுடன் பாறை மேல் அமர்ந்த சரஸ்வதி, தலையில் கங்கையைத் தாங்க மலையுச்சியில் நிற்கும் சிவபெருமான் என்று அந்த வரிசை நீளும். ஊதுபத்தி ஏற்றி வணங்கியவர்கள் சாமியின் முகத்தைப் பார்த்தார்கள். முகத்துக்குப் பின்னால் இருந்த பாறையையும் நீரையும் மலையையும் கவனித்தவர்கள் குறைவு.

அந்தப் படங்களின் மூலவர் ராஜா ரவிவர்மா. திருவிதாங்கூரில் அரச உறவில் பிறந்தவர் என்பதால் எல்லாம் அவருக்கு எளிதாகக் கிடைத்திருக்கும் என்று நினைப்பவர் உண்டு. அரண்மனை கிடைத்தது, ஆதரவு கிடைத்தது. ஆனால் எந்தக் கலையால் அவர் புகழ் பெற்றாரோ அந்த எண்ணெய் வண்ணக் கலையைக் கற்றுத் தர மட்டும் ஆள் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர் அந்த வித்தையை எப்படிப் பெற்றார் என்பதும், அவர் படங்களில் மலையும் வானமும் எப்படி வந்து சேர்ந்தன என்பதும் சுவையான வரலாறு. அதில் தமிழர் சிலருக்கும் பங்கு உண்டு.

கரித்துண்டும் மாமனும்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கிளிமானூர் அரண்மனையில் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி ரவிவர்மா பிறந்தார். தந்தை எழுமாவில் நீலகண்டன் பட்டத்திரிப்பாடு வடமொழி கற்ற அறிஞர். தாயார் உமா அம்பா பாய் தம்புராட்டி கவிதை இயற்றும் ஆற்றல் உள்ளவர். ரவிவர்மாவுக்குத் தம்பியர் இருவர், தங்கை ஒருவர். தம்பியரில் ஒருவர் கோதவர்மா. மற்றவர் சி. ராஜராஜவர்மா. தங்கை மங்களாபாயும் பிற்காலத்தில் ஓவியராகப் பெயர் பெற்றார்.

சிறுவன் ரவிவர்மா அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் யானை, குதிரை, பறவை என்று வரைந்து தள்ளினான் என்றும், வேலைக்காரர்கள் முறையிட்டபோது தாய்மாமன் மட்டும் கோபிக்காமல் அந்தக் கோடுகளை உற்றுப் பார்த்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அந்த மாமன் பெயரும் ராஜராஜவர்மாதான். அவர் தஞ்சாவூர் பாணியில் ஓவியம் தீட்டுபவர். சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரம் அரண்மனையில் இருந்த மதுரைக்காரரான அழகிரி நாயுடுவிடம் பயின்றவர் என்பர். ஆகவே ரவிவர்மாவின் முதல் பாடமே ஒரு தமிழ்நாட்டு ஓவியர் வழியில் வந்ததுதான்.

1862-ல் மாமன் பதினான்கு வயதுச் சிறுவனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று மகாராஜா ஆயில்யம் திருநாள் முன் நிறுத்தினார். கலை ஆர்வம் மிக்க மகாராஜா சிறுவனைத் தலைநகரிலேயே தங்கச் சொன்னார். அரண்மனையில் இருந்த மேல்நாட்டு ஓவியப் புத்தகங்களைப் பார்க்கவும் அனுமதி கிடைத்தது.

தஞ்சைப் பலகையில் இல்லாத தூரம்

அதுவரை ரவிவர்மா அறிந்திருந்த ஓவியமுறை வேறு. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்து பூசி, கல்லும் தங்க ரேக்கும் பதித்து, தட்டையான வண்ணங்களால் நிரப்புவார்கள். தெய்வம் நடுவில் பெரிதாக இருக்கும். சுற்றிலும் திரைச்சீலை, தூண், தோரணம். அந்த முறைக்கென்று ஓர் அழகு உண்டு. ஆனால் அந்தப் பலகையில் தூரம் என்பது கிடையாது. இரண்டு கல் தொலைவில் இருக்கும் மலை, இரண்டு கல் தொலைவில் இருப்பதாகத் தோன்றாது.

மேல்நாட்டுப் புத்தகங்களில் ரவிவர்மா கண்டது இந்தத் தூரத்தைத்தான். அருகில் ஓர் ஆள், அவனுக்குப் பின்னால் வயல், அதற்கும் பின்னால் காடு, கடைசியில் மலை, மலைக்கு மேல் வானம். ஒரே துணியில் பல கல் தொலைவு அடங்கியிருந்தது.

எண்ணெய் வண்ணத்தின் தன்மையே இதற்குத் துணை செய்கிறது. ஆளி விதை எண்ணெயில் வண்ணப்பொடியைக் குழைத்துச் செய்வது அது. தண்ணீர் வண்ணம் நீர் ஆவியாகிச் சில நிமிடங்களில் உலரும். எண்ணெய் வண்ணமோ காற்றில் உள்ள பிராணவாயுவை ஏற்றுக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவது. தொட்டால் ஒட்டாத நிலை வருவதற்கே சில நாட்கள் ஆகும். அதுவரை ஒரு நிறத்தை அடுத்த நிறத்தோடு தூரிகையால் இழைக்கலாம். வெளிச்சம் எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி கரைக்கலாம். உலர்ந்த பிறகு அதன் மேல் மெல்லிய வண்ணத்தைப் படரவிட்டால் அடியில் உள்ள நிறம் கண்ணாடி வழியே தெரிவது போல் தெரியும்.

மலைநாட்டில் வாழ்பவர்களுக்கு இதன் அருமை புரியும். காலையில் தோட்டத்து மேட்டில் நின்று பார்த்தால் பக்கத்துச் செடி கரும்பச்சையாக இருக்கும். அடுத்த சரிவு நீலம் கலந்த பச்சை. அதற்கு அடுத்த மலை வெறும் நீலம். கடைசி மலை புகை போல வெளுத்து, வானத்தோடு சேர்ந்துவிடும். அந்த மலையிலும் மரங்கள் பச்சைதான். நமக்கும் அதற்கும் இடையே உள்ள காற்றும் ஈரமும்தான் அதை நீலமாகக் காட்டுகின்றன. இந்த மாற்றத்தைத் துணியில் கொண்டுவர ஓவியர்கள் பொதுவாக வானத்தை முதலில் தீட்டி, தூரத்து மலையில் தொடங்கி, படிப்படியாக அருகே வருவார்கள். அடியில் மெல்லிய பூச்சு, மேலே எண்ணெய் மிகுந்த பூச்சு என்ற வரிசையும் தவறக் கூடாது. மாறினால் மேல் பூச்சு முந்தி உலர்ந்து நாளடைவில் வெடித்துவிடும். பெருமழைக் காலத்து ஈரக்காற்றில் உலரும் கணக்கும் மாறிப்போகும். இவையெல்லாம் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித் தரவேண்டிய நுணுக்கங்கள்.

இரவில் வந்த ஆசிரியர்

சொல்லித் தரக்கூடியவர் ஒருவர் திருவனந்தபுரத்திலேயே இருந்தார். அரண்மனை ஓவியரான ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ணம் கையாளத் தெரிந்தவர். ஆனால் மகாராஜாவின் பார்வை பட்ட இந்த இளைஞன் நாளை தமக்குப் போட்டியாக வருவான் என்று அவர் அஞ்சினார். கற்றுத்தர மறுத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். தொழில் நுணுக்கம்தான் ஒரு கைவினைஞனின் சொத்து. அதைக் கைவிட்டால் அரண்மனைச் சம்பளமும் போய்விடும். அரச உறவினனான ஒருவனோடு போட்டியிட அவருக்கு வேறு பலம் எதுவும் இல்லை.

நாயக்கரிடம் வேலை பழகிய ஆறுமுகம் பிள்ளை என்ற மாணவர் இருந்தார். ஆசிரியருக்குத் தெரியாமல் இவர் இரவு நேரங்களில் ரவிவர்மாவிடம் வந்து, வண்ணம் குழைக்கும் முறையையும் பூசும் முறையையும் காட்டிக் கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. ஆறுமுகம் பிள்ளையின் ஓவியம் எதுவும் இன்று பேசப்படுவதில்லை. ஆயினும் இந்தியாவின் பெயர் பெற்ற எண்ணெய் வண்ண ஓவியரின் கையில் அந்தத் தூரிகையை வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தாரின் உருவப்படங்கள் தீட்டத் திருவனந்தபுரம் வந்தார். ரவிவர்மாவுக்குக் கற்றுத் தருமாறு மகாராஜா கேட்டுக்கொண்டும் அவர் இசையவில்லை. தாம் வேலை செய்வதை அருகில் இருந்து பார்க்க மட்டும் அனுமதித்தார். இருபது வயது ரவிவர்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. எந்த நிறத்தோடு எதைக் கலக்கிறார், நிழலை முதலில் வைக்கிறாரா வெளிச்சத்தையா, எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதைக் கண்ணால் கற்று, தம் அறைக்கு வந்து செய்து பார்த்தார். தவறியதை அழித்துவிட்டு மீண்டும் தீட்டினார். முறையான ஓவியப் பள்ளி எதிலும் அவர் படித்ததில்லை.

பரிசும் பயணமும்

1866-ல் மாவேலிக்கரை அரச குடும்பத்தில் ரவிவர்மாவின் திருமணம் நடந்தது. 1870-ல் கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குச் சென்று வழிபட்டார். அதே ஆண்டில் கோழிக்கோட்டில் சப்-ஜட்ஜாக இருந்த கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோன் குடும்பத்தின் படத்தைத் தீட்டினார். கூலி பெற்றுச் செய்த முதல் பெரிய வேலை அதுவே.

1873-ல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே படம் வியன்னா கண்காட்சியிலும் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு, ஸ்வரபத் என்னும் நரம்புக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணின் படத்துக்குச் சென்னையில் மீண்டும் தங்கப் பதக்கம். இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்ட படங்களில் அதுவும் ஒன்று. 1876-ல் சகுந்தலை கடிதம் எழுதும் காட்சியைத் தீட்டினார். அதைச் சென்னைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவே வாங்கினார்.

சகுந்தலை படம் வேறொரு தேவையையும் எழுப்பியது. மனிதரின் உருவப்படத்துக்குப் பின்னால் ஒரு திரையோ நாற்காலியோ போதும். புராணக் கதைக்கு அது போதாது. சகுந்தலைக்கு ஆசிரமக் காடு வேண்டும். சந்தனுவுக்கு ஆற்றங்கரை வேண்டும். ஜடாயு விழுவதற்கு வானம் வேண்டும். கங்கை இறங்க மலை வேண்டும். காடும் மலையும் நம்பும்படி இருந்தால்தான் அதில் நிற்கும் தெய்வமும் நம்பும்படி இருக்கும்.

தம்பி ராஜராஜவர்மா

இந்த இடத்தில்தான் தம்பி சி. ராஜராஜவர்மா வருகிறார். 1860-ல் பிறந்தவர், அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது இளையவர். அண்ணனிடமே ஓவியம் கற்றார். ரவிவர்மாவின் கை மனித முகத்திலும் பட்டுச் சேலை மடிப்பிலும் தேர்ந்தது என்றால், ராஜராஜவர்மாவின் நாட்டம் வயல், நீர்நிலை, மரம், மலை, மாலை வெளிச்சம் ஆகியவற்றின் மேல் சென்றது. இயற்கைக் காட்சியை எண்ணெய் வண்ணத்தில் ஒரு தனித்துறையாகவே எடுத்துப் பயின்ற முற்கால இந்தியர்களில் அவர் ஒருவர். அண்ணனின் பல படங்களில் பின்னணிக் காட்சிகளில் அவர் கை உண்டு என்பது ஓவிய வரலாற்று ஆசிரியர்களின் கருத்து.

1880-ல் ஆயில்யம் திருநாள் காலமான பிறகு திருவனந்தபுரத்தில் ரவிவர்மாவுக்கு இருந்த ஆதரவு குறைந்தது. சகோதரர்களின் பெரும் பயணங்கள் அதன் பின்னரே தொடங்கின. ஆங்கிலம் நன்கு அறிந்த தம்பி கடிதப் போக்குவரத்தையும் கணக்கு வழக்கையும் கவனித்தார். சமஸ்தானங்களில் பேசவேண்டியதைப் பேசினார். ஓய்ந்த வேளையில் தூரிகை எடுத்தார். இன்றைய அலுவலக மொழியில் சொன்னால் காரியதரிசி, குமாஸ்தா, உதவி ஓவியர் என்ற மூன்று வேலைகளையும் ஒருவரே பார்த்தார்.

1888-ல் பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் உதகமண்டலத்தில் தங்கியிருந்தபோது சகோதரர்கள் அங்கே சென்று அவரைச் சந்தித்தனர். அந்நாளில் ரயில் மேட்டுப்பாளையம் வரையில்தான். அதற்கு மேல் வண்டியில் மலை ஏறவேண்டும். அந்தச் சந்திப்பில் புராணக் காட்சிகளாகப் பதினான்கு படங்கள் தீட்டித் தரும் பொறுப்பு ரவிவர்மாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

படங்களைத் தொடங்கும் முன் சகோதரர்கள் வடநாடு முழுவதும் சுற்றினார்கள். மக்களின் உடை, அணிகலன், கட்டடம், நிலக்காட்சி எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். 1890-ல் பதினான்கு படங்களும் முடிந்தன. பரோடாவுக்கு அனுப்பும் முன் திருவனந்தபுரத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். விசுவாமித்திரர்-மேனகை, சந்தனு-மச்சகந்தி போன்ற புகழ் பெற்ற படங்கள் அந்தத் தொகுதியைச் சேர்ந்தவை. மச்சகந்தி நிற்கும் ஆற்றங்கரையில் ஈரமும் காற்றும் இருப்பதை இன்றும் உணரலாம். 1893-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ரவிவர்மாவின் பத்துப் படங்கள் சென்று பரிசு பெற்றன.

ஏழை வீட்டுச் சுவருக்கு

எண்ணெய் வண்ணப் படம் ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும் மட்டுமே எட்டும். அதை அச்சிட்டால் எல்லோருக்கும் எட்டும் என்ற யோசனையை முன்பே சொன்னவர் சர் டி. மாதவராவ். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தவர் அவர். படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப் பிரதிகள் எடுக்கலாம் என்று 1884-ல் ரவிவர்மாவுக்கு எழுதினார்.

பத்தாண்டுகள் கழித்து, 1894-ல், ரவிவர்மா பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து யந்திரங்களும் வேலை தெரிந்தவர்களும் வந்தார்கள். கல்லச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல் தயாரித்து, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிட்டுப் படத்தை முழுமையாக்கினார்கள். இவ்வாறு வெளிவந்த முதல் படம் சகுந்தலையின் பிறப்பு. கோயிலுக்குள் அனுமதி கிடைக்காத மக்களின் குடிசைக்கும் தெய்வத்தின் உருவம் சென்று சேர்ந்தது இந்த அச்சுப் படங்களால்தான்.

வியாபாரம் மட்டும் கைகொடுக்கவில்லை. 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. கடன் ஏறியது. அச்சகம் லோனாவ்லா அருகே மளவலிக்கு மாற்றப்பட்டது. கடைசியில், 1900-களின் தொடக்கத்தில், அங்கே வேலை பார்த்த ஜெர்மானியரான பிரிட்ஸ் ஷ்லைகருக்கே அதை விற்றுவிட்டார்கள். நாடெங்கும் வீடுகளில் படம் தொங்கியது. படைத்தவருக்கு மிஞ்சியது நஷ்டம்.

அண்ணனுக்கு முன் தம்பி

1904-ல் ஆங்கில அரசு ரவிவர்மாவுக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. அப்போது மைசூர் அரண்மனைக்காகப் புராணப் படங்கள் தீட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. 1905 ஜனவரியில் தம்பி ராஜராஜவர்மா நாற்பத்து நான்காம் வயதில் காலமானார்.

கால் நூற்றாண்டாக நிழல் போல் உடனிருந்த தம்பியின் மறைவு ரவிவர்மாவை உலுக்கியது. அவருக்கு நீரிழிவு நோயும் இருந்தது. இருந்தும் ஒப்புக்கொண்ட மைசூர் வேலையை முடித்தார். வழிவிடாத கடலை நோக்கி ராமன் சினந்து நிற்கும் படம் அந்தக் கடைசிக் காலத்தைச் சேர்ந்தது. கருத்த வானமும் கொந்தளிக்கும் அலையும் பாறையும் அதில் ராமனுக்குச் சமமாக இடம் பெற்றுள்ளன. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, தம் ஐம்பத்தெட்டாம் வயதில், ரவிவர்மா காலமானார்.

மறைவுக்குப் பின் அவர் புகழ் ஏற்ற இறக்கம் கண்டது. மேல்நாட்டு முறையைப் பின்பற்றியவர், இந்திய மரபை விட்டு விலகியவர் என்று கலை விமரிசகர்கள் கண்டித்தார்கள். தெய்வங்களைச் சாதாரணப் பெண்களைப் போல் தீட்டிவிட்டார் என்ற குறையும் எழுந்தது. மக்கள் அந்தக் குறையையே நிறையாக எடுத்துக்கொண்டார்கள். 1971-ல் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. 1979-ல் அவர் ஓவியங்கள் நாட்டின் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை உள்ளது.

தம்பியின் புகழ் இன்னும் தாமதமாக வந்தது. 1895 முதல் 1904 வரை அவர் ஆங்கிலத்தில் எழுதி வந்த நாட்குறிப்பு 2005-ல் புத்தகமாக வெளியாயிற்று. இரு சகோதரர்களின் பயணங்களும் அன்றாட வேலையும் நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவது அந்தக் குறிப்புகளால்தான். அண்ணன் பெயரில் உலகம் அறிந்த உழைப்பில் தம்பியின் பங்கு எவ்வளவு என்பதும் அதன் பிறகே பலருக்கும் புரிந்தது.

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் 1935-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடம் இந்தக் குடும்பத்தாரின் படங்களுக்குப் பெயர் பெற்றது. இமயமலையையே வாழ்நாள் பொருளாகக் கொண்ட ருஷ்ய ஓவியர் நிக்கலாய் ரோரிக்கின் மலைக்காட்சிகளும் அதன் சேகரிப்பில் உண்டு. 2023-ல் அதே வளாகத்தில் ரவிவர்மாவுக்கென்றே தனிக் கூடம் திறக்கப்பட்டது. தலைநகருக்குச் செல்லும் வாய்ப்பு கிடைக்கும் தமிழ் அன்பர்கள் அரை நாள் ஒதுக்கி இவற்றைக் காணவேண்டும். முகங்களைப் பார்த்த பிறகு, அவற்றின் பின்னால் வெளுத்து நிற்கும் மலையையும் சிறிது நேரம் பார்க்கவேண்டும். இரவில் வந்து சொல்லிக்கொடுத்த ஆறுமுகம் பிள்ளையின் உதவியும், அண்ணனுக்காகத் தன் பெயரை ஒதுக்கி வைத்த தம்பியின் உழைப்பும் அந்த வண்ணங்களில் கலந்திருக்கின்றன.